கூரையைத் தட்டும் பாட்டு

எங்கள் குழு ஹார்ட்கோர் பங்க் வாசிக்கும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: இரண்டு நிமிடத்தில் தொண்டை கிழியக் கத்தி முடித்துவிடுகிற பாட்டு. யோசிக்க நேரமே கொடுக்காது, அதனால்தான் எனக்குப் பிடிக்கும். நான் தொட்டதற்கெல்லாம் பயப்படுகிறவள். ஆட்டோ வேகமாகத் திரும்பினால் பயம், அப்பாவின் இருமல் நின்றால் பயம். பேஸ் கிதாரைத் தோளில் மாட்டினால் மட்டும் கொஞ்ச நேரம் தைரியமாக இருப்பேன்.

ஒரே மாதிரி கத்தி எங்களுக்கே அலுத்துப்போன சமயத்தில்தான் அந்த ஆல்பத்தைத் தொடங்கினோம். ஒரு பாட்டாவது நீளமாக, மெதுவாக, டிரம்ஸ் இல்லாமல் இருக்கட்டும் என்று முடிவானது. அதற்கான யோசனையைப் பாழாய்ப்போன என் புத்தி அப்பாவிடமிருந்து எடுத்தது.

அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர். உள்ளே போனதும் தலைக்கு மேலே இருக்கும் பாறையைக் கம்பியால் தட்டிப் பார்ப்பார்களாம். கணீரென்று கேட்டால் பாறை கெட்டி, வேலையைத் தொடங்கலாம். தொப்பென்று மந்தமாகக் கேட்டால் பாறை உள்ளே விரிசல் விட்டுக்கொண்டிருக்கிறது, ஓடிவிட வேண்டும். பெங்களூர் பக்கத்து ஹெப்பகோடியில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோதுகூடத் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டிப் பார்த்த மனிதர். வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு மானம் போயிற்று.

அந்தத் தட்டலையே பாட்டாக்கினோம். கடப்பாறையால் கருங்கல் பலகையில் ஒரு அடி, மௌனம், மறுபடி ஒரு அடி. கீழே என் பேஸ் மெல்ல உறுமிக்கொண்டு வரும். கடைசியில் விரிசல் விட்ட பலகையில் மந்தமாக ஓர் அடி விழும்.

பதிவு நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அல்சூர் சர்ச்சில் பூசை முடிந்ததும் அப்பாவைத் தனியாக வீட்டுக்கு அனுப்பப் பயந்து கூடவே அழைத்துப்போனேன். அவருடைய நுரையீரல் பாதிக்கு மேல் கெட்டுவிட்டது. ஓடவே கூடாது, ஓடினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒலிப்பதிவுக் கூடம் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. முதல் படியில் அப்பா நின்றார். மூச்சு வாங்குகிறார் என்று நினைத்துக் கையைப் பிடித்து இறக்கினேன். சுரங்கத்தில் வேலை செய்தவரைத் தரைக்குக் கீழே கூட்டிப்போகிறோம் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

கண்ணாடி அறைக்குள் எங்கள் டிரம்மர் காதில் ஹெட்ஃபோனுடன் கடப்பாறையைப் பிடித்து நின்றான். வெளியே ஒலிப்பெட்டிகளுக்கு எதிரே அப்பாவும் நானும் கிதார்காரனும். விளக்கைக் குறைத்தார்கள். முன்பே பதிவு செய்திருந்த என் பேஸ் தரையை அதிர வைத்தது. கணீர். கணீர். பிறகு அந்த மந்தமான அடி.

அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். "ஓடு!" அவ்வளவுதான் சொன்னார். என்னையும் கிதார்காரனையும் இழுத்துக்கொண்டு அந்த நோயாளி மனிதர் படி ஏறி ஓடினார். தெருவுக்கு வந்து, மூச்சு இழுத்துக்கொண்டே எங்களைப் பார்த்தார்.

"இன்னொருத்தன் எங்க கீறான்?"

"ஒண்ணும் இல்லப்பா, அது வெறும் பாட்டு..."

அவர் காதில் விழவில்லை. திரும்பினார். சட்டையைப் பிடித்தேன், உதறிவிட்டுக் கீழே இறங்கிவிட்டார். நான் தெருவிலேயே நின்றுவிட்டேன். அப்பா செத்துப்போவார், நானே கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

உள்ளேயிருந்து அவர் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. டிரம்மரின் பெயர் அல்ல. கல்லறைத் திருநாள் ஜெபத்தில் மட்டும் எங்கள் வீட்டில் சொல்லப்படும் பெயர் அது. நான் பிறப்பதற்கு முன்பு சுரங்கத்தில் ஒரு பாறை வெடிப்பில் உள்ளேயே புதைந்துபோன, அப்பாவோடு ஜோடியாக வேலை செய்தவரின் பெயர்.

"இங்கதான் இருக்கேன் அங்கிள்! இதோ வந்துட்டேன்!"

டிரம்மரின் குரல். யாரைக் கூப்பிடுகிறார் என்று தெரியாமலே பதில் சொல்லியிருக்கிறான். இருவரும் கையைக் கோத்துக்கொண்டு மேலே வந்தார்கள். அப்பாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. இன்ஹேலரை எடுத்து அவர் வாயில் வைத்து அழுத்தினேன்.

மறுநாள் கிதார்காரன் போன் செய்தான். கண்ணாடி அறைக் கதவைத் திறந்து அப்பா கூப்பிட்டதெல்லாம் பதிவாகியிருந்ததாம். "வச்சுக்கலாமா, எடுத்துடலாமா? நீயே சொல்லு" என்றான். அந்தப் பேச்சை அப்பாவிடம் எடுக்கவே எனக்குப் பயம். திரும்ப அந்த இருட்டுக்குள் போய்விடுவாரோ என்று தோன்றியது. சோறு போடும்போது ஒருவழியாகக் கேட்டுவிட்டேன்.

"நீங்க கூப்பிட்டது பதிவாயிடுச்சுப்பா. அழிச்சுடச் சொல்லட்டுமா?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "அந்தப் புள்ள பதில் சொல்லிச்சே, அதுவும் பதிவாயி கீதா?"

"இருக்குப்பா."

"அப்ப அழிக்காதம்மா" என்றார். "அன்னிக்கு நானு எவ்ளோ கூப்ட்டேன். ஒரு பதிலும் வரல."