ஆரஞ்சு ஷூவை வண்டியேற்றிய சனிக்கிழமை

பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்த லிங்யீக்கு, ஐம்பத்தொரு வயதுவரை ஓட்டம் என்றால் பஸ் பிடிக்கிற ஓட்டம்தான். வருடக் கடைசி விருந்தில் டாக்டர் குலுக்கல் நடத்தினார். மற்றவர்களுக்கு ரைஸ் குக்கரும் மின்விசிறியும் விழ, அவளுக்கு விழுந்தது ஓட்டத்துக்குப் போடுகிற ஆரஞ்சு நிற ஷூ. காலுக்குக் கச்சிதமாக வேறு இருந்து தொலைத்தது. சும்மா கிடக்கவிட மனமில்லாமல் ஓட ஆரம்பித்தாள்.

இரண்டே வருடம். ஜியாயி ஊரில் அந்த ஷூ மிதிக்காத சந்து பாக்கியில்லை. குதிகால் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சுண்டுவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. நாற்றம் தாங்காமல் கணவன் தெச்செங் அதை பால்கனிக்கு நாடு கடத்தினான்.

"நீ ஓடு, வேணாங்கல. அது வீட்டுக்குள்ள ஓடி வரக்கூடாது."

புது ஷூ வாங்கிய சனிக்கிழமை, பழையதைப் போட்டுக்கொண்டு கடைசியாகப் பூங்காவை மூன்று சுற்று சுற்றினாள். வீட்டுக்குப் போய்க் கழற்றி, பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் மாலைக் குப்பை வண்டியில் போட்டுவிடலாம் என்று எண்ணம். ஆனால் தெருவுக்குள் நுழையும்போதே வண்டியின் பாட்டு தேய்ந்து போய்க்கொண்டிருந்தது. இரண்டு கையிலும் குப்பைப் பையோடு தெச்செங் செருப்புக் காலில் தடுக்கித் தடுக்கி ஓடி வந்தான். பின்னால், அதேபோல் இரண்டு பையோடு எதிர்வீட்டு துவான் அக்கா.

"நாளைக்கு வண்டி கிடையாதுடி! பை பூரா நண்டு ஓடு!" என்று அலறினாள் அக்கா.

"எல்லாத்தையும் இங்க குடுங்க!"

நான்கு பைகளும் தொடையில் அடிக்க அடிக்க லிங்யீ பறந்தாள். சலூன் வாசலில், தலையில் சாயம் பூசியிருந்த பெண்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அடுத்த நிறுத்தத்தில் வண்டியைப் பிடித்தேவிட்டாள். பைகள் உள்ளே போயின.

"அவ்வளவுதானேக்கா?" என்றான் வண்டிக்காரன்.

"இன்னும் இருக்கு தம்பி. கால்ல இருக்கு!"

ஒன்றைக் கழற்றி வீசினாள். மற்றதில் இரட்டை முடிச்சு. அதோடு மல்லுக்கட்டுவதற்குள் பாட்டு கிளம்பிவிட்டது, வண்டியும்தான். ஒரு காலில் ஷூ, ஒரு காலில் காலுறையோடு நொண்டி நொண்டித் துரத்தினாள். வண்டியின் பின்னால் தொற்றியிருந்தவன் சிரித்துச் சிரித்து விழாத குறை.

"வாங்கக்கா, வாங்க! விட்டுடாதீங்க!"

நூடுல்ஸ் கடை வாசலில் வண்டி மறுபடி நின்றது. கடைக்காரி கீரை நறுக்குகிற கத்திரிக்கோலோடு வந்து, "காலை நீட்டு தாயே," என்று கயிற்றை வெட்டிவிட்டாள். ஷூ உள்ளே விழுந்தது. லிங்யீ வண்டியைப் பார்த்து இடுப்பு மடங்கக் கும்பிடு போட்டாள். அடுத்த கணம் சிரிப்பு வந்து, சிரிப்போடு விக்கலும் வந்தது.

தெச்செங் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தான்.

"ஏறு."

"மாட்டேன். இப்பதான் உடம்பே சூடாயிருக்கு."

"ஊரே பாக்குதும்மா!"

"பாக்கட்டும்!"

காலுறையோடு அவள் ஓட, பத்தடி தள்ளி, யாரோ எவரோ என்கிற முகத்தோடு அவன் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டே வந்தான்.