விரதக்காரனுக்கு நான் கொடுத்த சம்பல்

"...இந்த பெலாச்சான் விஷயம் எம் மகளுக்கு மட்டும் தெரிய வேணாம், அண்ணே. தெரிஞ்சா, அவ அம்மா செத்ததுக்கு நான்தான் காரணம்னு நெனச்சிடுவா."

கிள்ளானில் மணியம் வீட்டில், அவன் மனைவியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்த என்னிடம், அவன் குனிந்து இதைச் சொன்னான். நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் லோரி ஓட்டுகிறவர்கள்.

மனைவிக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும், பத்துமலைக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு அவன் விரதம் இருந்தான். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. வாய் மட்டும் அதிகம். ஒரு நாள் மதியம் என் வீட்டில் அரைத்த மிளகாய்ச் சம்பலைச் சுத்த சைவம் என்று சொல்லிக் கொடுத்தேன். அவன் ரசித்துச் சாப்பிட்டு முடித்த பிறகுதான், அதில் இறால் அரைத்த பெலாச்சான் இருக்கிறது என்றேன்.

"ஒன்னும் ஆகலையே லா. எங்க உன் சாமி?" என்று சிரித்தேன்.

அவன் வடிகால் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். தைப்பூசம் வருவதற்கு முன்பே அவன் மனைவி இறந்துபோனாள்.

சம்பலால் யாரும் சாவதில்லை. இன்றைக்கும் எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பழியைத் தூக்கி அவன் தலையில் வைத்தது எந்தச் சாமியும் இல்லை, நான்தான்.

"அதனால இல்லப்பா, மணியம்" என்றேன்.

காரியம் முடிந்ததால், அன்று வழக்கப்படி கறிச்சோறு. மணியம் வாளியை வாங்கி, என் இலையில் ஆட்டுக்கறியை நிறைய அள்ளி வைத்தான். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் வெறும் சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்தான்.