மழைக்கு வைத்த உப்பு

எங்கள் மகளுக்குக் கடையில் தொங்குகிற எதுவுமே காரம். சிவப்புத் தாள் சுற்றிய மிட்டாய் காரம். பொம்மை வைத்த முட்டை சாக்லேட் காரம். ஆரஞ்சு கலர் ஜூஸ் ரொம்பக் காரம். அவள் நடக்கத் தொடங்கியதிலிருந்து நானும் என் மனைவியும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தோம். கடை வாசலில் வேறு ஏதாவது குழந்தை மிட்டாய் சப்பிக்கொண்டு நின்றால் எங்கள் பெண் அதை இரக்கத்தோடு பார்ப்பாள்.

"பாவம்ப்பா அந்தப் பாப்பா. காரத்த துன்னுது" என்பாள்.

எங்களுக்குச் சிரிப்பு வரும். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பத்து ரூபாய் பழைய பால்பவுடர் டப்பாவுக்குள் போகும்.

டப்பா எதற்கு என்று சொல்ல வேண்டுமானால் அட்வான்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். மரக்காணத்து உப்பளங்களில் மழை மாதங்களில் வேலை கிடையாது. ஐப்பசியில் பாத்திகளில் மழைத்தண்ணீர் நின்றுவிட்டால் அப்புறம் தை கழிந்துதான் மண்ணில் கால் வைக்க முடியும். அந்த மாதங்களுக்கு, உப்பளத்துக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரி வீடு தேடி வந்து முன்பணம் கொடுப்பார். அடுத்த சீசனில் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்வார். வாங்கியவர் அவர் கூப்பிட்ட நாளில், கூப்பிட்ட பாத்திக்குப் போக வேண்டும். காய்ச்சல் என்றோ பிள்ளை சின்னது என்றோ சொல்ல முடியாது. என் அப்பா ஆயுசு முழுக்க வாங்கினார். எங்கள் குடும்பத்தில் முதல்முதலாகப் பள்ளிக்கூடம் தாண்டிக் காலேஜ் வாசலை மிதித்தவன் நான். அந்த ஃபீஸும் அட்வான்ஸில் வந்ததுதான்.

எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. சம்பளம் வாடகைக்கும் பாலுக்கும் சரியாக இருக்கும். சோற்றுக்கு வேண்டியது மனைவி உப்பு சுமக்கிற கூலியில்தான் வரும். அவள் வயிற்றில் பையன் இருந்தபோது வந்த மழைக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தோம். அதனால் பையனுக்கு மூன்று மாதம் ஆகும்போதே அவள் பாத்திக்குப் போக வேண்டியதாயிற்று. வரப்பில் நாலு கொம்பு நட்டு, மேலே ஒரு கீற்றைப் போட்டு, அதில் புடவையைத் தூளியாகக் கட்டிப் பையனைப் போடுவாள். சுற்றிலும் வெள்ளை வெளேர் என்று உப்பு. கீற்று மேல்வெயிலைத்தான் மறைக்கும். கீழே இருந்து எகிறி அடிக்கிற வெளிச்சத்தை எது மறைக்கும்? பையனுக்குக் கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருந்தது. இமையெல்லாம் தடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இந்தக் குழந்தைய இனிமே அங்க கூட்டிட்டுப் போகாதீங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது மனைவி சொன்னாள்:

"இந்த மழைக்கு அட்வான்ஸ் வேணாங்க. ஒரே ஒரு மழைய நம்ம காசுல தாண்டிட்டா அடுத்த சீசனுக்கு என்னைய யாரும் கூப்புட முடியாது இல்ல?"

அன்றிலிருந்துதான் டப்பா. அன்றிலிருந்துதான் காரமும் கூடுதலாக ஆயிற்று.

ஆனால் டப்பாவில் பணம் தங்கவில்லை. பெண்ணுக்கு இருமல் வந்தால் திறப்போம். கேஸ் தீர்ந்தால் திறப்போம். மூடி கழண்டு கழண்டு கடைசியில் தொட்டாலே திறந்துகொள்கிற மாதிரி ஆகிவிட்டது. சீசன் முடிகிற நேரத்தில் மனைவி ஒரு யோசனை சொன்னாள். கடைசியாக உப்பு வாரிய கூலியைப் பணமாக வாங்காமல் உப்பாக வாங்கிக்கொள்கிற வழக்கம் எங்கள் பக்கம் சிலரிடம் உண்டு. பாத்தி விலைக்கு அளந்து தருவார்கள். அதை வரப்பிலேயே குவித்து மூடி வைத்தால், மழையில் புது உப்பு இல்லாத மாதத்தில் விலை ஏறும். அந்தக் குவியலை அம்பாரம் என்போம்.

"டப்பால போட்டா கை போவுது. உப்புல போட்டுட்டா யாரு போய் நோண்டப் போறோம்? வர்ற மார்கழில குடுத்துக்கலாம்."

எனக்கும் அது சரியாகப் பட்டது. இருமலுக்காக அம்பாரத்தை யாரும் திறக்க முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்க் கட்டினோம். அவள் பலகையால் உப்பைத் தட்டித் தட்டி நாலு பக்கமும் சரிவாக்கினாள். கீற்று வழுக்காமல் இருக்க, சவுக்குக் கொம்புகளைக் குடிசைக் கூரை மாதிரி சாத்திக் கட்டி, மேலே கீற்றை வேய்ந்தோம். மூலைக்கு மூலை முளை அடித்துக் கயிறு போட்டோம். பார்க்கச் சின்ன வீடு மாதிரியே இருந்தது. வரப்பில் அதே மாதிரி ஏழெட்டு நின்றன.

மேஸ்திரி வண்டியில் போனவர் நிறுத்திப் பார்த்தார்.

"என்னா ஆபீசரே, பேங்குல எடம் இல்லன்னு வரப்புல போட்டுட்டியா?"

"இங்கதான்ணா வட்டி அதிகம்."

அவர் நன்றாகச் சிரித்தார். பையனின் கன்னத்தைக் கிள்ளினார். "கண்ணு பரவால்லியா?" என்று கேட்டார். அட்வான்ஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது மட்டும், "மழ வரட்டும், பாக்கலாம்" என்றார். எல்லோரும் சாதாரணமாகச் சொல்கிற சொல்தான். மனைவி மட்டும் வண்டி மறைகிற வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

மழை தொடங்கியது. ஐப்பசியை டப்பாவில் மிச்சம் இருந்ததை வைத்தே ஓட்டினோம். மேஸ்திரி தெருவுக்குள் வந்தார். பக்கத்து வீட்டுக்குப் போனார். எதிர் வீட்டுக்குப் போனார். எங்கள் வீட்டைத் தாண்டும்போது ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுப் போனார். எங்களுக்கு அது பெரிய கவுரவமாக இருந்தது.

ஞாயிறுதோறும் அம்பாரத்தைப் பார்க்கப் போவோம். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற சொந்தக்காரரைப் பார்க்கிற மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்ப்போம். கீற்றுக்குள் கையை விட்டால் உப்பு காய்ந்து மொறமொறவென்று இருக்கும். மனைவிக்கு முகம் தெளியும். ஒரு ஞாயிறு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கூப்பிட்டாள்.

"அப்பா, நண்டு வந்து உப்புக்கு அடில ஊடு கட்டுதுப்பா."

வரப்பின் அடிச்சரிவில் விரல் தடிமனில் ஓட்டைகள். மனைவி களிமண்ணை உருண்டை பிடித்து அடைத்துக் குதிகாலால் மிதித்தாள். அடுத்த ஞாயிறு போனபோது அடைத்த இடமெல்லாம் அப்படியே இருக்க, பக்கத்தில் புதிதாக ஓட்டைகள். உப்பளத்தை ஒட்டிய கழுவெளி ஏரியில் தண்ணீர் இறங்காமல் நின்றது. அதனால்தான் நண்டு மேலே ஏறுகிறது என்றாள் மனைவி. வரப்பை மிதித்தால் கால் லேசாக அமுங்கியது. உள்ளே ஏதோ மூச்சு விடுகிற மாதிரி ஓட்டைகளில் குமிழ் வந்தது. பெண்ணுக்கு ஒரே கொண்டாட்டம். "இன்னொரு ஊடு, இன்னொரு ஊடு" என்று வரப்பு நெடுக ஓடினாள். அவளை அதட்டி உட்கார வைத்தேன். எதற்கு அதட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

கார்த்திகை நடுவில் ஒரு பிற்பகல், ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்த அத்தனை பேர் போனும் ஒரே நேரத்தில் அலறியது. புயல் எச்சரிக்கை. யாரோ ஒரு பெரியவர் பயந்துபோய்க் கையிலிருந்த போனை மேசையில் போட்டார். நான் மனைவிக்குப் போன் செய்தேன். அவளும் சொல்வதற்கு ஒன்று வைத்திருந்தாள். உப்பு வியாபாரி ஒருவர் லாரியோடு வந்திருக்கிறார். பாத்தி விலைக்கு மேல் கொஞ்சம் போட்டு எடுத்துக்கொள்கிறார்.

"குடுத்துடலாமா?" என்றேன்.

"குடுத்தா இந்த மாசத்துக்கு வரும். மார்கழி? தை? மறுபடியும் மேஸ்திரிகிட்டதான் போய் நிக்கணும்."

"புயல் பெருசுன்றாங்க."

"மழ நான் பாக்காததா? மேல இறுக்கிக் கட்டிட்டா சொட்டு எறங்காது. இன்னைக்கு குடுக்கறதுன்னா, அந்தப் புள்ளைக்கு இத்தன நாளு எதுக்குங்க காரம் காரம்னு சொன்னோம்?"

கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. லாரி வேறு இரண்டு பேரின் அம்பாரங்களை ஏற்றிக்கொண்டு போனது. நாங்கள் டப்பாவைக் கவிழ்த்து, இருந்ததைப் பொறுக்கி, ஒரு நீலத் தார்ப்பாய் வாங்கினோம். கீற்றின் மேல் போட்டு, கயிறு இரட்டையாகச் சுற்றி முடிந்தோம். காற்று அப்போதே தார்ப்பாயின் ஓரத்தைப் படபடவென்று அடித்துப் பார்த்தது. மேலே ஒரு கை நுழைய இடம் இல்லை. அன்று எங்கள் பெண் ஓட்டைகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நண்டு ஒன்றைக்கூடக் காணவில்லை.

எங்கள் தெருவையே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். புயல் சட்டென்று கடந்துபோகிற புயல் இல்லை. வந்த இடத்தில் நின்றுகொண்டது. பகலா ராத்திரியா என்று தெரியாமல் பெய்தது. பையன் தோளில் தூங்கினான். பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நம்ம உப்பு நனையுமாம்மா?" என்று கேட்டாள்.

"அதுக்குதான் சட்ட போட்டுட்டு வந்தோம் இல்ல. நனையாது."

மறுநாள் மத்தியானம் மழை குறைந்தது. எல்லோருக்கும் உயிர் வந்த மாதிரி இருந்தது. சோற்றுப் பொட்டலம் கொடுக்க வந்த ஒருவன் வாசலில் நின்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்:

"இங்க பேஞ்சதெல்லாம் ஒண்ணுமில்லபா. வானூரு பக்கத்து ஏரித் தண்ணியெல்லாம் இப்பதான் எறங்குது. கழுவெளி ரொம்பி நம்ம பக்கந்தான் வருது."

பையனின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. பிறகு மறுபடி தட்டத் தொடங்கியது. ஆனால் அவன் தூங்கி வெகுநேரம் ஆகியிருந்தது.

அதற்கடுத்த காலை, வெயில் அடித்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருவரும் நடந்தோம். ரோட்டிலிருந்து பார்த்தால் பாத்தி இல்லை, வாய்க்கால் இல்லை, வரப்பு இல்லை. எல்லாம் ஒரே தண்ணீர். கடல் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. மற்றவர்களின் கீற்றெல்லாம் எங்கெங்கோ மிதந்தது. நீலத் தார்ப்பாய் மட்டும் நிமிர்ந்து நின்றது.

"நிக்குதுங்க! ஏங்க, நிக்குது பாருங்க!" மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

வரப்பைக் காலால் தேடித் தேடி, முழங்கால் தண்ணீரில் போனோம். பெண் என் தோளில். மனைவி பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் போனாள். ஒரு முடிச்சை அவிழ்த்து, தார்ப்பாயையும் கீற்றையும் சேர்த்துத் தூக்கினேன்.

உள்ளே உப்பு இல்லை. சவுக்குக் கொம்புகள் கூரையைத் தாங்கிக்கொண்டு வெறுமனே நின்றன. கீழே கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணீர். மேல் ஓலை உள்பக்கம் பொட்டு ஈரம் இல்லாமல் காய்ந்திருந்தது. தண்ணீர் வரப்பு வழியாக, அடியிலிருந்து ஏறி, இருந்து நிதானமாகக் கரைத்துக்கொண்டு போயிருக்கிறது. ஒரு கொம்பில் நண்டு ஒன்று பற்றிக்கொண்டிருந்தது.

பெண் என் தோளிலிருந்து குனிந்து, விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்தாள்.

"உப்பு இங்கதாம்பா இருக்குது" என்றாள், எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி.

மனைவி அழவில்லை. பையனை என்னிடம் கொடுத்துவிட்டு, தார்ப்பாயின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். அறுக்கலாம், அவள் அறுக்கவில்லை. கயிறும் வீணாகக் கூடாது என்று நினைத்திருப்பாள். மடித்துத் தலையில் வைத்துக்கொண்டாள். திரும்பும்போது நான்தான் பேசினேன். "ஒடம்பு நல்லா இருக்கு இல்ல, பாத்துக்கலாம்."

மேஸ்திரி இரண்டு நாள் கழித்து வந்தார். வெயில் தாழ்ந்த நேரம். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அவருக்குக் குத்திக்காட்டத் தெரியாது. அதுவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"தண்ணி யாரு சொல்லி கேக்குது, ஏம்பா? உனக்கு மட்டுமா? மொத்த வரப்பும் போச்சி. மனச உட்டுடாத."

சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்தார். என்னிடம் நீட்டவில்லை. மனைவியிடம் நீட்டினார்.

"வச்சிக்கம்மா. எழுதிக்கறதெல்லாம் வேணாம். எனக்கு ஞாபகம் இருக்கும்."

அவள் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். மேஸ்திரி தூளியில் கிடந்த பையனை எட்டிப் பார்த்தார்.

"அந்த டாக்டரம்மா ஏதோ சொன்னாங்கன்னு சொன்னியே. ஒரு துணிய தண்ணில நனைச்சி கண்ணு மேல போட்டு வையி. எம் புள்ளைங்களையும் அப்படித்தான் வளத்தேன்." பிறகு பெண்ணைப் பார்த்தார். "பெரியவளுக்கு எத்தன வயசாவுது?"

"நாலு முடியப் போவுதுண்ணா" என்றேன்.

"அப்பறம் என்னா? தூளி ஆட்ட, துணி நனைக்க ஆளு இருக்குது. நீ நிம்மதியா சொமக்கலாம்மா."

பெண் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரிந்து அவளுக்குக் கொஞ்சம் பெருமை. மேஸ்திரி இன்னொரு பையிலிருந்து ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து, அவரே பிரித்து, ஒன்றை நீட்டினார்.

"வாம்மா. வாங்கிக்க."

அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள்.

"அது காரமாப்பா?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். மடியில் பணத்தை முடிந்துகொண்டிருந்த மனைவி தலையைத் தூக்கவில்லை.

"இல்லம்மா" என்றேன். "இனிப்புதான். வாங்கிக்க."

தயங்கித் தயங்கி வந்து வாங்கினாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஓரத்தைக் கடித்தாள். எரிச்சல் வரும் என்று கொஞ்சநேரம் அப்படியே நின்றாள். வரவில்லை. மெல்லக் கண்ணைத் திறந்தாள். பிஸ்கட்டைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு மென்றாள்.