ஒருவருக்கான டிக்கெட்

கிருத்திகைக்காக மணவூரிலிருந்து நானும் என் கணவரும் திருத்தணிக்கு ரயிலேறினோம். டிக்கெட் எடுத்தது அவர்தான். கூட்டம் அதிகமாக இருந்ததால் நான் பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டேன்.

திருத்தணியில் இறங்கியதும் பெண் டிக்கெட் பரிசோதகர் ஒருவர் என்னை நிறுத்தினார்.

"டிக்கெட்டு எங்க வீட்டுக்காரராண்ட இருக்குதுங்க. பின்னாடி வந்துகினு இருக்காரு," என்றேன்.

"எல்லாரும் இதத்தாம்மா சொல்றாங்க. அபராதம் கட்டுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "டிக்கெட் எடுத்துக்கினு வந்தவங்க எதுக்குங்க கட்டணும்? ஏமாத்திப் பொழைக்கிற குடும்பமா நாங்க?" என்று குரலை உயர்த்தினேன். காவடியோடு போனவர்கள்கூட நின்று பார்த்தார்கள். முன்பின் தெரியாத ஓர் அம்மா எனக்காகப் பரிந்து பேசினார்.

அதற்குள் கணவர் வந்துவிட்டார்.

"காட்டுங்க அவங்களுக்கு," என்றேன்.

அவர் தயங்கித் தயங்கி நீட்டிய டிக்கெட்டைப் பரிசோதகர் வாங்கிப் பார்த்தார். "இது ஒருத்தருக்குத்தான் சார்."

நான் கணவரின் முகத்தைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "பொம்பளைங்கள கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன் மேடம்," என்றார்.

எனக்காகப் பேசிய அம்மா சத்தமில்லாமல் நகர்ந்துபோனார். கணவர் அபராதத்தைக் கட்டினார். மலைப் படியேறும்போது, "அதான் கட்டிட்டேனே, இன்னும் எதுக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு வர்ற?" என்று என்னையே கடிந்துகொண்டார்.

பிடிபட்டால் நாலு பேர் முன்னால் நிற்கப்போவது யார் என்பதை மணவூரிலேயே அவர் முடிவு செய்துவிட்டார். தனக்கு ஒரு டிக்கெட் எடுக்க மட்டும் அவர் மறக்கவில்லை.