ஸ்டெப்னியில் மிச்சமிருந்த காற்று

நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது மகன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இதப் பாரும்மா. காத்தே இல்லாத டயரு."

படத்தில் ஒரு கார் ஓடியது. சக்கரத்தின் வெளியே வழக்கமான கறுப்பு ரப்பர். உள்ளே காற்று இருக்க வேண்டிய இடத்தில் வளைந்த பட்டைகள் வரிசையாக நின்றன. தரையைத் தொடும் பட்டைகள் மட்டும் அமுங்கின, சக்கரம் உருண்டதும் நிமிர்ந்துகொண்டன. ஒரு ஆள் அதில் ஆணியைச் செருகினான். வண்டி எதுவும் நடக்காததுபோல ஓடியது.

"வெடிக்காதா?" என்று கேட்டேன்.

"வெடிக்கிறதுக்கு உள்ள என்னம்மா இருக்கு?"

"அப்ப அதையே வாங்கிப் போட்டுடு தம்பி."

சிரிக்க ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். "கடைக்கு இன்னும் வரலம்மா. காருக்கெல்லாம் இப்பத்தான் ஓட்டிப் பாக்குறாங்களாம்," என்றான்.

அவனுடைய அப்பா டயர் வெடித்துத்தான் போனார். வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். திருத்துறைப்பூண்டியில் சவாரியை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது, மன்னார்குடி வருவதற்கு முன்னால் ஒரு வளைவில் முன்பக்கத்து இடது டயர் வெடித்தது. வண்டி பக்கத்து வாய்க்காலில் இறங்கிவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் அதிகமில்லை. வண்டிக்கும் பெரிய சேதமில்லை. அவர் மட்டும் இல்லை.

வெடித்த டயரைப் பார்த்தவர்கள், பக்கவாட்டில் முன்பே அடிபட்டிருக்கிறது என்றார்கள். கல்லில் மோதினால் ரப்பருக்கு வெளியே ஒன்றும் தெரியாதாம். உள்ளே நூல் மட்டும் அறுந்துபோகும். அந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாகப் புடைத்து, பிறகு ஒருநாள், வெறும் ரோட்டில் போகும்போது, விட்டுவிடும்.

எந்தக் கல் என்று நான் யாரையும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அறுவடைச் சமயத்தில் ரோடுதான் களம். ஈர நெல்லைத் தார் ரோட்டின் பாதிக்குக் கொட்டிக் காயவைப்பார்கள். வண்டி ஏறாமலிருக்கச் சுற்றிலும் தலை பெரிசுக்குக் கல் வைப்பார்கள். சாயங்காலம் நெல்லை அள்ளி மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கல் அங்கேயே கிடக்கும், மறுநாளைக்கு வேண்டுமே. நாங்களும் அப்படித்தான் காயவைத்தோம். ஊரில் எல்லோரும் அப்படித்தான். அந்த ரோடுகளில் கிடந்த ஆயிரம் கல்லில் ஏதோ ஒன்று.

அதற்குப் பிறகு எனக்குக் காற்று இறங்கும் சத்தம் ஆகாது. பஸ் நிறுத்தத்தில் வந்து நிற்கும்போது விடுமே ஒரு பெருமூச்சு, அதைக் கேட்டாலே உள்ளங்கை வேர்த்துவிடும். குக்கரில் மீதி ஆவியை எடுத்துவிட மாட்டேன், தானாக அடங்கும்வரை உட்கார்ந்திருப்பேன். வண்டியைச் சரிபார்த்து, நான்கு சக்கரத்துக்கும் புது டயர் போட்டு, மகன் அதையே ஓட்டிப் பிழைக்கிறான். நான் மட்டும் அதன்பிறகு அதில் ஏறவே இல்லை.

இந்த நேரத்தில்தான் மகளுக்கு வளைகாப்பு வைத்தார்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் அவளைக் கொடுத்திருக்கிறோம். வளையல் போட்டதும் பிறந்த வீட்டிலிருந்து போய் அழைத்துவர வேண்டும். குலுங்காமல் கூட்டிக்கொண்டு போங்கள், பஸ் வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்கள்.

எனக்கு ஒரு சாக்கு இருந்தது. தாலி இல்லாதவள் வளைகாப்பில் முன்னால் நிற்க மாட்டாள். "பெரியம்மாவும் தம்பியும் வந்து கூட்டிட்டு வரட்டும். நான் இங்க ஆரத்தி கரைச்சு வெக்கச் சொல்லிட்டுக் காத்திருக்கேன்," என்று போனில் சொன்னேன்.

மகள் விடவில்லை. "ஓரமா நில்லு. யாரும் ஒன்ன முன்னால நிக்கச் சொல்லல. ஆனா கார்ல எம் பக்கத்துல நீதான் ஒக்காரணும். இல்லன்னா நான் இங்கயே பெத்துக்கறேன்," என்றாள். அவளுக்கு என் சாக்கு எதற்கென்று தெரிந்திருந்தது. அவளும் அந்த வளைவைத் தாண்டித்தானே வர வேண்டும்.

அதனால்தான் மகனோடு தஞ்சாவூர் டயர் கடைக்குப் போனேன். அவன் காரில் போனான், நான் பஸ்ஸில் போய் இறங்கினேன். கடைக்காரருக்கு என் தம்பி வயதிருக்கும். என் வீட்டுக்காரர் இறந்ததும் அவருக்குத் தெரியும். நான் தூணோரம் நின்றேன். எனக்கு வெளியாட்களிடம் பேச வராது. மகனே வளைகாப்பு விவரத்தைச் சொல்லிவிட்டுக் கேட்டான், "எங்கம்மாவுக்குக் காத்தில்லாத டயர் வேணுமாம்."

"அக்கா," என்று அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அது இந்தக் கடைக்கு வர்றதுக்குள்ள ஒங்க பேரப்புள்ள லைசென்ஸ் எடுத்துருவான்."

"வந்தா நல்லதுதானே?" என்றேன்.

"நல்லதுதான், இல்லன்னு சொல்லல. பஞ்சரும் கெடையாது, வெடியும் கெடையாது. ஆனா நம்ம களிமண்ணு அந்தப் பட்டைக்குள்ள பூந்து காஞ்சிடுச்சின்னு வெச்சிக்கங்க. ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் லேசு. வேகமாப் போனா வண்டி உதறும். வேகத்துல சூடும் ஏறும், சத்தமும் போடும்ங்கறாங்க. அதையெல்லாம் சரி பண்ணணும்ல. காத்து மெத்தை மாதிரிக்கா. பள்ளத்துல விழுந்தா அடியை எல்லாப் பக்கமும் பிரிச்சி வாங்கிக்கும்."

எனக்கு டிராக்டரின் கேஜ் வீல் ஞாபகம் வந்தது. சேற்றுழவுக்கு மாட்டுகிற இரும்புக்கூடு போன்ற சக்கரம். "அதுலகூடத்தான் காத்தில்ல," என்று வாய்க்குள் சொன்னேன்.

அது அவர் காதில் விழுந்துவிட்டது. "அத மாட்டிக்கிட்டு ரோட்டுல ஒரு ரவுண்டு வாங்களேன்! தாரு பேந்துடும், பஞ்சாயத்தே கூடிடும். சேத்துக்கு அது, ரோட்டுக்கு இது. எல்லாத்துக்கும் ஒரே சக்கரம் எவன்கிட்ட இருக்கு?"

அவர் வண்டியின் அடியில் குனிந்து ஒவ்வொரு டயராகத் தடவிப் பார்த்தார். பின்பக்கத்து டயர்கள் இரண்டும் நடுவில் தேய்ந்திருந்தன. "ஒங்க புள்ள கல்யாணச் சாப்பாடு மாதிரி காத்த அள்ளி அள்ளி வெக்கிறாரு. கூட வெச்சா நடுவுல தேயும். கொறைச்சு வெச்சா ரெண்டு ஓரமும் தேயும், பக்கம் மடங்கி மடங்கிச் சூடாவும்," என்றார். மகன் தலையைச் சொறிந்தான். தண்ணீரைப் பிரித்துத் தள்ளுகிற வெட்டுகள் இன்னும் ஆழமாக இருப்பதைக் காட்டினார். பக்கவாட்டில் கட்டை விரலை வைத்து, "இதுதான் மெலிசு. வளைஞ்சு குடுக்கணும்ல, அதுக்காக மெலிசா வெச்சிருக்கான். கெட்டியா வெச்சா குலுக்கி எடுத்துரும்," என்றார்.

வளைந்து கொடுப்பதற்காக மெலிதாக வைத்த இடம். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை உருட்டி எடுத்தார். ரப்பரில் வயல் வெடிப்பைப்போலப் பொடிப்பொடியாக விரிசல். "ஓடாமலேயே கெட்டுப்போச்சு. வயசாயிடுச்சு. புள்ளத்தாச்சிய ஏத்திக்கிட்டு வர்றப்ப இத நம்பாதீங்க," என்றவர், மகனிடம் திரும்பி, "இது மட்டும் ஏன்யா மாத்தாம கெடக்கு?" என்றார்.

"அம்மா வேணாம்னாங்க."

ஏன் வேண்டாமென்றேன் என்று மகனுக்குத் தெரியாது. அவனுடைய அப்பா இறந்த அன்று காலையில் கிளம்பும்போது பெட்ரோல் பங்கில் நான்கு சக்கரத்துக்கும் காற்றுப் பிடித்துவிட்டு, ஸ்டெப்னிக்கும் அவரே குனிந்து பிடித்தார். நான் கோவிலுக்குப் போக வண்டியில் உட்கார்ந்திருந்தேன். வண்டியில் அவர் நிரப்பிய நான்கும் போய்விட்டன. இந்த ஐந்தாவதில் மட்டும் அந்தக் காலைநேரத்துக் காற்று இருந்தது. மகன் தூங்கப்போன பிறகு சில நாள் டிக்கியைத் திறந்து அதன்மேல் கையை வைத்திருக்கிறேன். அமுக்கினால் திருப்பி அமுக்கும்.

கடைக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன புரிந்ததோ, "காத்த எறக்கிடலாமாக்கா?" என்றார், மெதுவாக.

மகள் வயிற்றோடு ரோட்டோரம் நிற்பதும், மகன் இந்த விரிசல் விட்ட டயரை மாட்டுவதும் என் கண்முன் வந்தன. தலையாட்டினேன்.

அவர் வால்வை அமுக்கினார். நான் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. முதலில் வேகமாக வந்து, பிறகு மெலிந்து, நின்றுநின்று வந்தது. பழைய ரப்பர் நாற்றம் முகத்தில் பட்டது. அவ்வளவுதான். அவருடைய வாசனை எதுவும் இல்லை. இருக்கும் என்று நினைத்திருந்தேன்போல. பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது அதற்காகத்தான் அழுகை வந்தது.

வளைகாப்பன்று காரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். என் ஓரகத்தி, அவருடைய அண்ணன் மனைவி, முன்னால் உட்கார்ந்து, நான் முருகா முருகா என்பதைக் காதில் வாங்காததுபோல வெயிலைப் பற்றியும் நெல் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார். வளைவு எப்போது வந்ததென்று எனக்குத் தெரியாது. கண்ணை மூடியிருந்தேன்.

திரும்பும்போது மூடவில்லை. பக்கத்தில் மகள் இருந்தாள். இரண்டு கையிலும் வளையல், மடியில் சாத்துக்குடி. அந்த வளைவில் மகன் வண்டியை நிறுத்திவிட்டான். வளைவு நெடுகப் பாதி ரோட்டுக்கு நெல். சுற்றிலும் கல். எதிரே அறுப்பு மெஷினை ஏற்றிய லாரி மீதிப் பாதியை அடைத்து நின்றது. கொஞ்சம் கல்லை ஒதுக்கினால்தான் வண்டியை ஓரமாக விட முடியும். லாரி ஹாரன் அடித்தது. மகன் கதவைத் திறக்குமுன் நான் இறங்கிவிட்டேன். அவன் ஸ்டியரிங்கை விட்டு இறங்குவது எனக்குப் பிடிக்கவில்லை.

நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைப் பார்த்ததும் குரல் கொடுத்தாள். "கல்லுல கைய வெக்காதீங்க! ரோடு என்ன ஒங்க வீட்டுதா?"

குனிந்தவள் நிமிர்ந்து, "கல்லு டயரை அறுத்துடும்மா. பதர் மூட்டை வெக்கலாமே," என்றேன்.

"பதர் மூட்டைக்கு எவன் பயப்படுறான்? ஏத்திக்கிட்டுப் போயிட்டே இருப்பானுவ. கல்லு வெச்சாத்தான் மரியாதை." பேசிக்கொண்டே காருக்குள் எட்டிப்பார்த்தாள். வளையல் கண்ணில் பட்டது. "அட, வளைகாப்பு புள்ளையா? சொல்ல வேண்டியதுதானேங்க." அவளே குனிந்து கல்லைப் புரட்டி வாய்க்கால் பக்கம் தள்ளினாள். நானும் தள்ளினேன். "சீக்கிரம் தாண்டிப் போயிடுங்க. இது புள்ளத்தாச்சி நிக்கிற எடமில்ல."

"ஏன்?"

"ஒரு டிரைவர் செத்த எடம். இந்த வாய்க்கால்லதான். உச்சி வெயில்ல ஆளில்லாதப்ப புஸ்ஸுனு காத்து எறங்குற சத்தம் கேக்கும். நான் ரெண்டு தடவ கேட்டிருக்கேன்."

கையிலிருந்த கல்லை எங்கே போட்டேனென்று ஞாபகமில்லை. நான் யாரென்று சொல்லலாமென்று வாய்வரைக்கும் வந்தது. "பயமா இருக்காதா?" என்றுதான் கேட்டேன்.

"என்ன பயம்? பழகிடுச்சு. அது ஒண்ணும் செய்யாதுங்க, பாவம். நெல்லு அள்ளிட்டுப் போறப்ப வாய்க்காலுக்கு ஒரு கை போட்டுட்டுப் போவோம். இங்க காயவெக்கிறவங்க எல்லாரும் போடுவோம்."

வீட்டில் அவர் படத்துக்கு முன்னால் நான் வைக்காத சோறில்லை. இங்கே முன்பின் தெரியாதவர்கள் ஒவ்வொரு அறுப்புக்கும் அவருக்கு நெல் போட்டிருக்கிறார்கள். பெயர்கூடத் தெரியாமல்.

"நானும் ஒரு கை போடட்டுமா?"

"போடுங்க. புள்ளைக்கு நல்லது."

நெல் சுட்டது. வாய்க்கால் கரையில் நின்று போட்டேன். தண்ணீர் வற்றிச் சேறாகக் கிடந்தது. காதைக் கொடுத்துப் பார்த்தேன். லாரி எஞ்சின் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை.

வண்டியில் ஏறியதும் மகள், "அவங்க என்னம்மா சொன்னாங்க?" என்றாள்.

"வெயில்ல நிக்காம போவச் சொன்னாங்க."

மகன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். மன்னார்குடி தாண்டியதும் மகள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். கல் தெரியும்போதெல்லாம் "தம்பி, கல்லு" என்றேன். அவனும் சலித்துக்கொள்ளாமல் "பாத்துட்டேம்மா" என்றான்.

வெளிச்சம் இருக்கும்போதே வீடு சேர்ந்தோம். ஆரத்தி எடுத்து அவளை உள்ளே உட்காரவைத்த பிறகு மகன், "அடுத்த வாரம் தஞ்சாவூர்ல செக்கப் இருக்கு. நான் இவள கூட்டிட்டுப் போறேன், நீ பஸ்ல வந்துடுறியா?" என்றான்.

"கார்லயே வரேன்," என்றேன்.

பயம் தீர்ந்துவிட்டதென்று அவன் நினைத்திருக்கலாம். தீரவில்லை. அடுத்த வாரமும் அந்தச் சீட்டில் கையை இறுக்கிக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.