பீர்க்கம் பந்தலுக்குச் சொன்ன இடம்

அல்வாலில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்னால் கிணற்றோடு கொஞ்சம் காலி நிலம் இருந்தது. வீட்டுக்காரம்மா மாடியில் இருந்தார். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்திலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். கோயம்புத்தூரிலிருந்து வந்த எனக்கு அந்த ஊரில் கிடைத்த ஒரே சிநேகிதி, நான் அக்கா என்று கூப்பிட்ட அவர்தான். அவர் அனுமதியோடு நான் போட்ட முதல் தோட்டம் பாதிதான் தேறியது. தக்காளி காய்க்கிற நேரத்தில் வாடிப்போனது. வெண்டை மட்டும் இரண்டு வீட்டுக்கும் காய்த்துத் தள்ளியது.

டிசம்பரில் ஒரு மதியம், மகளின் கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து அடுத்த வருஷத் தோட்டத்தை வரைந்தேன். தக்காளி செத்த பாத்தியில் கொத்தவரை, பின்வாசல் பக்கம் புளிச்சக்கீரை, மதிலோரம் பீர்க்கம் பந்தல். அக்கா தாளை வாங்கிப் பார்த்தார்.

"பந்தல் இங்கே நக்கோ, வேண்டாம். மத்தியானத்துக்கு மேல நிழல் விழும். கிணத்துப் பக்கம் போடு."

அழித்துவிட்டு மாற்றி வரைந்தேன். பொங்கலுக்குள் ஒரு வண்டி எரு வாங்கி, நிலம் முழுக்க நானே கொத்தினேன். உள்ளங்கை கொப்பளித்தது. கணவர்தான் மருந்து போட்டுவிட்டார்.

பிப்ரவரியில் இரண்டு பேர் டேப்போடு வந்து பாத்திகளை மிதித்து அளந்தார்கள். கேட்டதற்கு, அபார்ட்மென்ட் வரப்போகிறது, தசராவுக்கே கையெழுத்தாகிவிட்டது என்றார்கள். அந்தச் சமயம் தெருவில் ஒவ்வொரு வீடாக இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீடும் அதில் ஒன்று என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மாடிக்குப் போனேன்.

"எல்லாம் தெரிஞ்சும் எதுக்குங்கக்கா பந்தலுக்கு இடம் சொன்னீங்க?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ அவ்ளோ ஆசையா வரைஞ்சிட்டிருந்தே. எப்படிச் சொல்றது? உங்க வீட்டுக்காரர்கிட்ட அப்பவே சொல்லிட்டோமே, மே மாசம் காலி பண்ணாப் போதும்னு."

சாயங்காலம் கணவர் வரும்வரை வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியும். சொன்னா நீ அன்னைக்கே எல்லாத்தையும் விட்டுருப்பே. இருக்கிற வரைக்கும் சந்தோஷமா இருக்கட்டும்னு நெனச்சேன்."

"கைக்கு மருந்து போட்டப்பக்கூடச் சொல்லலீங்களே."

குழந்தை சொப்பு வைத்து விளையாடுவதைப் பார்க்கிற மாதிரி, இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மறுநாள் எருப்போட்ட மண்ணைச் சாக்குகளில் அள்ளி, தெருமுனையில் ரோஜா வளர்த்த ஓர் அம்மாவுக்குக் கொடுத்தேன். மாடியிலிருந்து அக்கா கூப்பிட்டார். நான் நிமிரவில்லை.

மே மாதம் நாச்சாரத்தில் மூன்றாவது மாடிக்குப் போனோம். பால்கனிக்குத் தொட்டிகள் வாங்கி வந்து, "என்ன போடலாம்?" என்று கணவர் கேட்டார்.

"உங்களுக்குத் தோணினதைப் போடுங்க" என்றேன்.

வெந்தயம் போட்டார். நன்றாகவே வந்தது. அதைச் சமைத்தும் போட்டேன். மனதில் ஓடுவதையெல்லாம் அவரிடம் வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் மட்டும் எனக்குத் திரும்பி வரவில்லை.