கடைசியாக ஏறுகிறவள்

எங்கள் சபையில் முன்வரிசை எப்போதும் காலியாகத்தான் கிடக்கும். தாழ்மையுள்ளவர்கள் பின்னால் உட்கார வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், ஆராதனைக்கு வெகுமுன்பே வந்து கடைசி பெஞ்சைப் பிடித்துவிடுவார்கள். தாமதமாக வருகிறவர்கள் வேறு வழியில்லாமல் முன்னால் போய், பெருமைக்காரர்களைப் போல உட்கார வேண்டியிருந்தது. அன்பின் விருந்தில் நிலைமை இன்னும் மோசம். "நீங்க உக்காருங்கக்கா", "ஐயோ, நீங்க மொதல்ல" என்று பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து அழுத்துவார்கள். முதல் பந்தி நிறையவே நிறையாது. பட்டாபிராமிலிருந்து வரும் சமையல்காரர் கரண்டியோடு வந்து நிற்பார்.

"இன்னாம்மா இது, சோறு ஆறிகினு கீது. கொஞ்சம் கெட்டவங்க யாருனா இருந்தா வந்து குந்துங்க!"

இந்தப் போட்டியில் பெரும்பாலும் நானே ஜெயித்தேன். கடைசிப் பந்தியின் கடைசி இலை என்னுடையது. அதில் பாயசம் வராது. வராததை நான் யாரிடமும் சொன்னதில்லை. மற்றவர்களே கவனித்துச் சொல்லும்படி உட்கார்ந்திருப்பேன்.

என் கணவருக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை. குவார்ட்டர்ஸில் இருந்தோம். எங்கள் ஒரே மகளையும் அப்படியே வளர்த்தேன். எதிலும் பிறருக்கு முதலிடம், நமக்குக் கடைசி இடம். எட்டு வயதுப் பெண், குழாயடியில் பின்னால் வந்த குடங்களுக்கெல்லாம் வழிவிட்டுக் காலிக் குடத்தோடு வீடு திரும்புவாள். அன்று சமைக்கத் தண்ணீர் இருக்காது, ஆனால் ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்ல விஷயம் இருக்கும். "என்கிட்ட ஒண்ணுமில்ல, எல்லாம் கிருபை" என்று முடிப்பேன். அதையும் தாழ்ந்த குரலில்தான் சொல்வேன்.

எண்பதுகளின் கடைசி அது. அம்பத்தூரில் ஒரு சபையின் பெண்கள் கூட்டத்தில் செய்தி கொடுக்க என்னை அழைத்திருந்தார்கள். தலைப்பைச் சொல்ல வேண்டியதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் மகளையும் கூட்டிக்கொண்டு ஆவடி ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டி வந்ததும் பெண்கள் பெட்டியின் வாசலில் கூட்டம் நெருக்கியது. அவள் என் புடவைத் தலைப்பைப் பிடித்திருக்கிறாள் என்ற நம்பிக்கையில் உள்ளே தள்ளப்பட்டுப் போனேன். தலைப்பைப் பிடித்திருந்தது வேறு யாருடைய கூடையோ.

திரும்பிப் பார்த்தபோது பிளாட்பாரத்தில், வாசலுக்குப் பக்கவாட்டில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். ஒவ்வொருவராக ஏறும்வரை காத்திருந்தாள். சொல்லிக்கொடுத்தபடியே, கொஞ்சமும் பிசகாமல். வண்டி நகர்ந்தது. நான் கத்தியது அவளுக்குக் கேட்டிருக்காது.

அடுத்த ஸ்டேஷன் அன்னனூர். அதுவரை ஆன சில நிமிடங்கள் எனக்கு இன்றுவரை முடியவில்லை. வண்டி நிற்பதற்குள் இறங்கி, படியேறி, எதிர்ப் பக்கம் ஓடினேன். வழியில் எத்தனை பேரை இடித்தேனோ தெரியாது. ஆவடிப் பக்கம் போகும் வண்டி வந்தபோது, பெட்டி வாசலில் ஏறுவதற்கு நின்றிருந்தார் எங்கள் சபை அக்கா ஒருவர். கடைசிப் பந்தியில் எனக்கு நிகரான ஒரே போட்டியாளர்.

"நீங்க மொதல்ல ஏறுங்கக்கா" என்றார், வழக்கம்போல.

"இல்லக்கா, நீங்க" என்று நான் சொல்ல வேண்டும். அதற்காகவே காலைப் பின்னால் வைத்து நின்றிருந்தார். நான் அவர் தோளைத் தள்ளிக்கொண்டு ஏறினேன். அவர் முகத்தில் தெரிந்தது வலி அல்ல, வெற்றி.

ஆவடியில் அவள் நின்ற இடம் காலியாக இருந்தது. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே பிளாட்பாரத்தில் ஓடினேன். அப்போது கொய்யாப்பழம் விற்கும் அம்மாள் ஒருத்தி என்னைப் பார்த்துக் கையாட்டினாள். அவள் கூடைக்குப் பின்னால், வேட்டித் துணி ஒன்றின் மேல் என் மகள் உட்கார்ந்திருந்தாள்.

"உன் பொண்ணா இது? நல்லா வளத்துகினே போ! எல்லாரையும் ஏத்திவுட்டுட்டு தான் நின்னுகினு கீது. ரயில்வேல உத்தியோகமா பாக்குது? பாவமேன்னு ஒரு பழம் குட்தா, 'மொதல்ல நீங்க சாப்புடுங்க'ன்னுது. எங்கூடைப் பழத்துக்கு எனக்கே உபசாரம்!"

மகள் அழவில்லை. "எல்லாரும் ஏறினதும் ஏறலாம்னு இருந்தேம்மா. அதுக்குள்ள போயிடுச்சு" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு நான்தான் அழுதேன்.

அம்பத்தூர்ப் பக்கம் போகும் அடுத்த வண்டி வந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண் எங்களுக்குப் பின்னால் நின்றாள்.

"அம்மா, அந்த அக்கா மொதல்ல..."

"அவங்களுக்கு வேற வண்டி வரும். நீ ஏறு" என்று முழங்கையால் வழி செய்து அவளை உள்ளே தள்ளினேன். ஏறியவள் உடனே திரும்பி, என் பிடியில் இல்லாத கையை அந்தப் பெண்ணிடம் நீட்டினாள்.

அம்பத்தூரில் பின்பெஞ்சுகள் நிறைந்துவிட்டிருந்தன. முன்வரிசையில் மகளை உட்காரவைத்துவிட்டுத் தாழ்மையைப் பற்றிப் பேச எழுந்தேன். பிறருக்கு முதலிடம் என்ற இடம் வந்தபோது அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். குற்றம் சொல்லும் பார்வை அல்ல. பாடத்தைக் கவனிக்கிற பார்வை. குறிப்பில் பாதிக்கு மேல் மீதியிருக்க, ஜெபம் செய்து முடித்துவிட்டேன். சுருக்கமாக, ஆசீர்வாதமாக இருந்தது என்றார்கள்.

இப்போது அவள் கல்லூரிக்குப் போகிறாள். இன்றும் வண்டி வாசலில் ஒதுங்கித்தான் நிற்கிறாள். சேர்ந்து போகும் நாட்களில், "நீங்க மொதல்ல ஏறுங்கம்மா" என்கிறாள். நான் ஏறுவதில்லை. அவள் இரண்டு காலும் உள்ளே போனதைப் பார்த்த பிறகே கடைசியாக ஏறுகிறேன். சபைக்காரர்கள் இதைக் கவனித்திருக்கிறார்கள். இந்த வயதிலும் என்ன தாழ்மை என்று சொல்லிக்கொள்கிறார்களாம்.